பால் சட்டியில் திரும்பி வந்த முட்டை

பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்ததெல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது. ஆனாலும் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, மூட்டை சுமந்து, மாட்டுவண்டி ஓட்டி, கண்டி டவுனில் சொந்தமாக லொறி வாங்கியவன் நான். துரைமாரோடு நேருக்கு நேர் நின்று கூலி பேசுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு இன்றுவரை விளங்காத விசயம் ஒன்று இருக்கிறது.

அந்தக் காய்ச்சல் வருடம் மழை பொய்த்து, ஆறெல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கி, நுளம்புக்கடி பெருகிவிட்டது. கலகெதரப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயில் கிடந்தார்கள். கண்டியில் பெரிய மனிதர்கள் வைத்திருந்த சுகாதார சங்கம் மருந்தும் கம்பளியும் தானம் கொடுத்தது. காய்ச்சலில் பால் வற்றிப்போன தாய்மாரின் பிள்ளைகளுக்குத் தினமும் பாலும் அனுப்பியது. சங்கத்துக்குத் தலைவர் ஒரு வயதான டொக்டர். காரியம் பார்த்தவர் கோர்ட்டில் வழக்காடும் யாழ்ப்பாணத்துப் புரொக்டர். பாலைக் கொண்டுபோன லொறி என்னுடையது. வாடகை வேண்டாமென்று சபையில் எழுந்து சொன்னேன், எல்லாரும் கை தட்டினார்கள்.

காய்ச்சல் வீட்டுப் பாத்திரத்தில் பால் ஊற்றக் கூடாதென்பது டொக்டரின் கண்டிப்பு. அதனால் சங்கத்துத் தூக்குச்சட்டிகளைக் கொதிநீரில் போட்டெடுத்து, பால் ஊற்றி மூடித் தருவார்கள். புதுச்சட்டியைக் கொடுத்து முந்தின நாள் சட்டியை வாங்கி வருவேன்.

முதல் தடவை வாங்கிய சட்டிகள் கனத்தன. சங்கத்தில் திறந்து பார்த்தால் ஒன்றில் முருங்கைக்கீரை, ஒன்றில் காய்ந்த மிளகாய், இன்னொன்றில் இரண்டு முட்டை. எனக்கு மனம் குளிர்ந்தது. புரொக்டர் முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முட்டை இருக்கிற வீட்டுக்கு நாங்கள் ஏன் பால் அனுப்போணும்?”

எங்கள் சனம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பாது என்று விளக்கினேன்.

“அப்ப அவையள் எங்களுக்குத் தர்மம் செய்யினமோ?” என்றார்.

தர்மம் இல்லை. கைமாறு என்றும் சொல்ல முடியாது. பின்னே என்ன? தீபாவளிக்கு என் சம்சாரம் பலகாரம் அனுப்பினால், புரொக்டர் வீட்டம்மா தட்டில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவார். அதையும் சொன்னேன். அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. டொக்டரோ, பாலுக்குக் காத்திருக்கும் வீடுகள் வேறு இருக்கின்றன, நாளைக்கும் முட்டை வந்தால் அந்த வீட்டை நிறுத்திவிடலாம் என்று முடித்துவிட்டார்.

அந்த வீடு எனக்குத் தெரியும். புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, கைப்பிள்ளையோடு லயத்தில் தனியாக இருந்தவள். மறுநாள் நான் போனபோது முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, ஒன்னும் போடாத. சும்மா குடு.”

“அது எப்படிங்க மொதலாளி? புள்ள குடிச்ச சட்டி. வெறுஞ்சட்டியா போனா புள்ளைக்கு ஆகாதுங்க.”

“போட்டா பால நிப்பாட்டிருவாங்க. ஒங்கிட்ட கோழி இருக்குன்னு நெனைக்கிறாங்க.”

“எனக்கேதுங்க கோழி? பக்கத்துக் காம்பராவுல கேட்டு வாங்குனது.” பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். “பாலு நின்னாலும் புள்ள போயிரும். வெறுஞ்சட்டி அனுப்பி ஒன்னு ஆயிட்டா, அதுக்கும் நான்தானேங்க?”

வழியில் முட்டையை நானே எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நானும் லயத்தில் பிறந்தவன்தானே, கை வராது. கடைசியில், புரொக்டர் ஐயா பார்த்து, இது சொத்து என்று சொல்ல முடியாத ஏதாவது போடு என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். லயத்துக் கோடியில் நின்ற கறிவேப்பிலையில் ஓர் ஈர்க்கு ஒடித்து, கழுவிப் போட்டு மூடினாள்.

“இது காணுமாங்க?”

காணும், போதும் என்றேன். சாமிக்குக் காணுமா, சங்கத்துக்குக் காணுமா, எனக்கு இரண்டும் தெரியாது.

சங்கத்தில் அந்தச் சட்டியை டொக்டரே திறந்தார். மோந்து பார்த்தார்.

“கெட்டிக்காரப் பொம்பள. பால் வாடை போகட்டும்னு இலை போட்டிருக்கு,” என்று புரொக்டரிடம் காட்டினார். அப்படித்தானே என்று என்னையும் கேட்டார். தலையை ஆட்டினேன். பால் நிற்கவில்லை. எல்லா வீட்டாரும் இப்படியே செய்யட்டும் என்று என்னிடம் சொல்லியும் அனுப்பினார்.

வீடு வீடாகச் சொன்னேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். இவ்வளவு பால் கொடுக்கிற சங்கத்துக்கு இலைதான் வேண்டுமா, டவுனில் கறிவேப்பிலைகூட இல்லாமல் போய்விட்டதா என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றிலிருந்து சட்டிகள் மூடி எழும்ப எழும்ப இலையோடு வந்தன. சங்கத்து மேசையில் கறிவேப்பிலை குவிந்தது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. புரொக்டர் என்னைப் பார்ப்பார், நான் டொக்டரைப் பார்ப்பேன்.

அந்தப் பெண்ணின் பிள்ளை பால் குடித்து முகம் தெளிந்துவிட்டது. ஒரு காலை அவள் சட்டியை நீட்டிக்கொண்டு மெல்லக் கேட்டாள்:

“ஐயாமாருக்கு எல காணலீன்னா சொல்லுங்க மொதலாளி. மேட்டு லயத்துலயும் மரம் நிக்கிது.”

கேட்டுச் சொல்கிறேன் என்று லொறியில் ஏறினேன்.