விதுராவில் ஸ்பாஞ்சு வாள் போர்

காலை ஆறரை மணிக்கு நாகர்கோவில் சந்திப்பிலிருந்து திருவனந்தபுரம் பாசஞ்சர் புறப்பட்டபோது, எங்கள் பெட்டியில் கையில் வாளோடு உட்கார்ந்திருந்தது என் மகள் யாழினி மட்டும்தான். உள்ளே பிளாஸ்டிக் குழாய், அதைச் சுற்றி ஸ்பாஞ்சு, அதற்கு மேல் துணி உறை. சாமான் பலகையில் வைக்கச் சொன்னேன். மடியை விட்டு இறக்கவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயது. கோடை விடுமுறைக்குத் திருவனந்தபுரம் கரமனையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போன இடத்தில், பழைய காலத்துப் படைகளைப் போல வாளும் கேடயமுமாகச் சிலர் ஆடும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தாள். இன்று விதுராவில் அவளுடைய முதல் போர். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ மைதானத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் நானும் போனேன்.

போன ஆண்டு ஊஞ்சலிலிருந்து விழுந்து அவளுடைய இடது கை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்து ஆறு மாதமாகிறது. எல்லா விளையாட்டும் விளையாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது டாக்டரும் சொல்லிவிட்டார். மூன்றாவதாக ஒருவரைப் பார்க்கலாமா என்று கேட்டபோது என் கணவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மைதானத்தில் ஆபத்து என்று பட்டால் பாதியில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், அதன் பிறகு இந்த ஆட்டமே கிடையாது என்று யாழினியிடம் சொல்லியிருந்தேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

ஒன்பது மணிக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே தம்பானூரில் விதுரா பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெடுமங்காடு தாண்டியதும் கடைகள் குறைந்து ரப்பர் மரங்கள் தொடங்கின. கண்டக்டர் வாளை ஏற இறங்கப் பார்த்து, அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டாமா என்று மலையாளத்தில் கேட்டார்.

“வாளினு டிக்கெட் எடுக்கண்டே, மோளே?”

“அது பிறந்து மூணு மாசமே ஆயிட்டுள்ளூ, அங்கிள்,” என்றாள் யாழினி பாதி மலையாளத்தில். சின்னப் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவரும் சிரித்துக்கொண்டே எங்கள் இருவருக்கு மட்டும் கிழித்தார்.

விதுராவிலிருந்து பொன்முடி சாலையில் ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய புல்வெளியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கம்பளி நூலில் பின்னிய கவசம், அட்டைக் கிரீடம், ஒரு பெண் சுடிதாருக்கு மேல் தோல் பெல்ட். மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. மேற்பார்வை பார்க்கும் மார்ஷல், சுபா. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கர், தமிழ்க் குடும்பம். என் முகத்தைப் பார்த்ததுமே பக்கத்தில் வந்து விதிகளைச் சொன்னாள். தலையிலும் கழுத்திலும் அடிக்கக் கூடாது. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். காலில் பட்டால் முழங்காலை ஊன்றி, முட்டுக் குத்தி ஆட வேண்டும். உடம்பில் பட்டால் வெளியே போக வேண்டும்.

“பட்டுச்சா இல்லையான்னு யாரு சொல்லுவாங்க?”

“பட்டவங்கதான் அக்கா.”

“சொல்லலைன்னா?”

“அடுத்த வாரம் அவங்க கூட ஆட ஆள் கிடைக்காது. அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்.”

இன்னொரு விதியும் இருந்தது. யாருக்காவது ஆபத்து என்று தோன்றினால் “ஹோல்டு” என்று கத்த வேண்டும். ஆடுகிறவர், பார்க்கிறவர், யார் கத்தினாலும் சரி. அந்த நொடியே எல்லோரும் ஆயுதத்தைத் தரையில் வைத்து ஒரு முட்டுக் குத்தி உட்கார்ந்துவிடுவார்கள்.

பத்தேமுக்காலுக்கு ஆயுதப் பரிசோதனை. வாளைச் செய்தவரே அதன் முதல் அடியை வாங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். வாளைச் செய்தவள் யாழினி. ஆனால் முந்தின நாள் துணி நுனி பிரிந்திருப்பதைப் பார்த்து, கழன்றுவிடக் கூடாதே என்று பிளாஸ்டிக் டேப்பை இறுக்கிச் சுற்றியவள் நான். அதனால் சுபாவின் கையால் தொடையில் அடி எனக்கு விழுந்தது.

“எப்படி இருந்துச்சு அக்கா? நேரா சொல்லுங்க, கேட்டேளா.”

“சுரீர்னு இருந்துச்சு.”

“அப்போ இது மைதானத்துக்குள்ளே போகாது. டேப்பு சுத்தச் சுத்த ஸ்பாஞ்சு கல்லாயிரும்.”

“எம்மா, நான் அப்பவே சொன்னேம்லா,” என்றாள் யாழினி.

இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து டேப்பை உரித்தோம். நகம் வலித்தது. நுனித் துணியை சுபா ஊசி நூலால் நான்கு தையல் போட்டுத் தந்தாள். மறுபடி அடித்தபோது தலையணை பட்டது போல இருந்தது. இத்தனை மாதமாக எல்லோரும் என்னிடம் “ஒண்ணும் ஆகாது” என்றுதான் சொன்னார்கள். இங்கே என் தொடையிலேயே அடித்துக் காட்டினார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

பதினொன்றரைக்குச் சிறுவர் போர். பெரியவர் யாராவது சிறுவர்களோடு ஆட வந்தால், தொடக்கத்திலிருந்தே முட்டுக் குத்தித்தான் ஆட வேண்டும். ஷிபு என்ற ஆறடி இளைஞர் அப்படித்தான் பெரிய கேடயத்தோடு புல்லில் தவழ்ந்துகொண்டிருந்தார். யாழினி அவரைச் சுற்றி ஓடி முதுகில் ஒன்று வைத்தாள். “அய்யோ, ஞான் மரிச்சு,” என்று அவர் எழுந்து வெளியே போனார். அடுத்த சுற்றுக்கு மறுபடி வந்தார். இந்தத் தடவை வாளும் வாளும் மோதின. யாழினி பின்வாங்கினாள், கால் தடுக்கிச் சாய்ந்தாள், எழுந்தாள். அவளுடைய இடது கை முன்னால் இல்லை. முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது.

“ஹோல்டு!”

கத்தியது நான் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. மைதானம் முழுக்க, தூரத்தில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட, எல்லோரும் ஆயுதத்தைக் கீழே வைத்து உட்கார்ந்தார்கள். நான் ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

“எம்மா, இது ரூல். கையில அடி பட்டுட்டு, அதான் மடக்கினேன்.” யாழினியின் முகம் சிவந்திருந்தது. “வலிக்கல்லம்மா. சத்தியமா.”

ஷிபு வியப்போடு நிமிர்ந்தார். “கையில் கொண்டோ? ஞான் அறிஞ்ஞில்ல.”

அடித்தவருக்கே தெரியாத அடி. சும்மா இருந்திருந்தால் இரண்டு கையோடும் ஆடியிருக்கலாம்.

சுபா வந்து கையைத் தொட்டுப் பார்த்து, விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“என்னத்துக்கு அக்கா? தோணினா கத்தணும். அதுக்குத்தானே அது இருக்கு. இனி ஹோல்டு சொன்ன ஆளு ‘தொடங்கலாம்’னு சொல்லணும். நீங்க சொல்லாம யாரும் எந்திரிக்க மாட்டாங்க.”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. “சேச்சி மெல்லே பறஞ்ஞா மதி, மெதுவா போதும்,” என்றார் ஷிபு, தெரிந்த தமிழையும் கலந்து. “ஞான் எப்படியும் முட்டுகுத்தித்தான் நிக்கணும்.” யாழினி மட்டும் என்னைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் தூக்கச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். அந்தக் கையை விடவும் மனம் வரவில்லை, பிடித்துக்கொண்டே நிற்கவும் முடியவில்லை. கடைசியில் கையை விட்டுவிட்டு, மைதானக் கோட்டுக்கு வெளியே நடந்து வந்து சொன்னேன்.

“தொடங்கலாம்.”

இடது கையை மறுபடி முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒற்றைக் கையோடு அவள் அந்தச் சுற்றில் தோற்றாள். அடுத்த மூன்று சுற்றும் ஆடினாள்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்: “யாருக்கும் தெரியாதே, ஏன் மடக்கினே?”

“எனக்குத் தெரியும்லா.” வாளைச் சரியாக மடியில் வைத்துக்கொண்டு, “நீ கத்தினது தப்பில்லம்மா. ஆனா அடுத்த வாட்டி கொஞ்சம் மெதுவா கத்து.”

“மெதுவா கத்தினா கேக்காதே.”

“ஆமா, அதும் சரிதான்.”

அடுத்த வாட்டி என்று அவள் சொன்னதை நானும் மறுக்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு நாகர்கோவிலில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே எப்போதும் போல ஆட்டோக்களும் பைக்குகளும் நெருக்கின. இங்கே நான் கத்தினால் யாரும் நிற்கப் போவதில்லை. கட்டுப் பிரித்த நாளிலிருந்து சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அன்று அந்தக் கையில் வாள் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை விட்டு, அவளுக்கு வலப் பக்கமாக வந்து கூடவே சாலையைக் கடந்தேன்.