எதிர்வீட்டுக் கசகசா

ஸ்ரீவராகத்தில் ஒரு தெருவில் தனியாக இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என் கதவைத் தட்டுகிறவர் பால்காரர் மட்டும்தான். சென்ற ஆண்டுக் கடைசியில் ஒரு டூர் குழுவோடு ஒரு வாரம் துபாய் போகப் பணம் கட்டினேன். விஷயம் தெரிந்ததும் தெருவே என் வீட்டுக்கு வந்தது. எல்லார் பிள்ளைகளும் அங்கேதானே இருக்கிறார்கள்! வந்தவர்கள் உட்கார்ந்து காபி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், எழுந்திருக்கும்போது ஆளுக்கொரு பொட்டலம் தந்தார்கள்.

“எங்காத்துப் பையன்ட்ட இதக் குடுத்துடுங்கோ மாமி” என்றாள் எதிர்வீட்டுக்காரி. வீட்டில் ஆள் நடமாடிய சந்தோஷத்தில், உள்ளே என்ன என்று நான் யாரையுமே கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை எடை பார்க்க வந்த டூர்காரர், எதிர்வீட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் பதறிப்போனார். “ஐயோ மாமி, இது கசகசா! அங்கே தடையாக்கும். பிடிச்சா ஜெயில்தான்.” உடனே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாவம், கொடுத்தவளுக்கும் அது தெரியாது.

இனி யார் எதைத் தந்தாலும், அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் நான் திரும்பி மூன்று மாதமாகிறது. பயணம் எப்படி இருந்தது என்று கேட்கக்கூட ஒருவரும் வரவில்லை.

மறுபடியும் துபாய் போகப்போகிறேன் என்று நேற்று பால்காரரிடம் சும்மா சொல்லிவைத்திருக்கிறேன்.