மிளகு வியாபாரியின் ஊசி ஆலோசனை

நான் அப்துல் சலாம், மலையடிவாரத்துக் காரவள்ளி. சந்தை நாளில் டெம்போவில் மலையேறி மிளகு வாங்குகிறேன். மூட்டையின் அடிவரை கையை விட்டு நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன். இருபது வருடமாக மிளகில் நான் ஏமாந்ததில்லை. அதனால் உலகத்தில் எதையும் அப்படியே கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. எனக்கு மிளகு விற்கும் மலைமேல் எடப்புளி நாட்டுக்காரர்களுக்கும் அதே நினைப்பு வந்ததுதான் வினை. எந்த போன் வாங்கலாம், பையனை எந்த காலேஜில் சேர்க்கலாம், எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்ற நானும் சளைக்காமல் சொல்வேன்.

என் மகள் அர்ஃபாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்கத் தடுப்பூசியாம், பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். கல்யாணமாகாத பிள்ளைக்கு இது எதற்கு, நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போய்விட்டால் என்று எனக்குப் பயம். பயம் என்று வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது?

"முதல்ல மத்த புள்ளைங்க போடட்டும். ரெண்டு மாசம் பாத்துட்டுப் போடலாம்" என்றேன்.

அந்த வாரச் சந்தையில் மாணிக்கமும் அதையே கேட்டார். என்னிடம் மிளகு விற்பவர். அவர் மகளுக்கும் அதே வயது.

"ஏனுங்க பாய், அந்த ஊசி போடலாமுங்களா?"

வீட்டில் சொன்ன பதிலை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த சந்தையில் மலை ஆஸ்பத்திரி நர்ஸ் ஜாஸ்மின் என் தராசுக்கு முன்னால் வந்து நின்றார்.

"முப்பத்தோரு பிள்ளைகள்ல நாலு பேருக்குத்தான் போட முடிஞ்சுது பாய். ஏன்னு கேட்டா உங்களைக் கைகாட்டுறாங்க. பாய் பொண்ணுக்குப் போட்டா நாங்களும் போடுவோம்ங்கிறாங்க. நீங்க எப்ப போடுறீங்க?"

"இவங்க போட்டப்புறம்" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள், நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பது எனக்கே விளங்கிவிட்டது.

அவர் அந்த நோயைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். எனக்கு விளக்கத் தேவையில்லை. என் அக்கா உமைரா மூன்று வருடத்துக்கு முன் அதில்தான் இறந்தார். ஊரில் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தேன். பொம்பளை டாக்டரிடம் கூட்டிப் போ என்று அக்கா கேட்டபோதும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். அதை நினைக்காமலிருக்கத்தான் இவ்வளவு பேசித் திரிகிறேன் போலிருக்கிறது.

மறுநாளே கையெழுத்துப் போட்டேன். அர்ஃபாவுக்கு ஊசி போட்டாயிற்று. அடுத்த சந்தைக்கு அவளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டேன். பிள்ளையைச் சாம்பிளாகக் காட்டிவிட்டால் போதும், வேறெதுவும் பேச வேண்டியிருக்காது என்பது என் திட்டம்.

"வலிச்சுதா கண்ணு?" என்று மாணிக்கம் கேட்டார்.

"கொஞ்சம் வலிச்சுதுங்க. ஒரு நாள் கை கனமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எங்க உமைரா மாமிக்கு வலிச்சதுதாங்க வலி. அவங்க வயித்துப்புண்ணுல சாகலைங்க. இந்த நோயிலதான் செத்தாங்க."

அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். சந்தையே என்னைத் திரும்பிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. அவளை அதட்டத்தான் வாயெடுத்தேன், வேறு பேச்சு வந்தது.

"ஆமாங்க மாணிக்கம். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அக்கா கேட்டுச்சு. நான்தான் தள்ளிப்போட்டேன்."

மாணிக்கம் தன் மூட்டையைத் தராசில் வைத்தார்.

"எம்புள்ளைக்கு நாளைக்கே போட்டுடறேனுங்க" என்றார். பிறகு, "ஏனுங்க பாய், அன்னைக்கு நான் கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றார்.

அக்கா இருந்தால் அவரும் இதையேதான் கேட்டிருப்பார். அன்று மாணிக்கத்தின் மூட்டைக்குள் கையை விடாமலே விலை சொன்னேன்.