ஆறே முக்கால் நிகழ்ச்சி

வானொலியில் மாலை ஆறே முக்காலுக்கு வந்த செய்தி நிகழ்ச்சியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கோவில்பட்டி வட்டாரத்தில் கிடையாது. படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் இத்தனை வருடத்தில் நான் கேட்காமல் விட்ட நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். முதலில் அது பதினைந்து நிமிடம். ஒருவரே உட்கார்ந்து வாசிப்பார். பிறகு டேப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். புதூர் ஆட்டுக்காரர், புதியம்புத்தூர் தையல்காரர், மழை பொய்த்த பருத்திக்காட்டுச் சம்சாரி என்று எல்லாரும் பேசினார்கள். அரை மணி நேரமாக வளர்ந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்ததும் பத்து நிமிடமாகச் சுருங்கி, கடைசியில் நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சியாகிவிட்டது.

அது அரை மணி நேரமாக இருந்த காலத்தில் என்னையும் பேட்டி எடுக்க வந்தார்கள். வராமல் இருப்பார்களா? வாடகை சைக்கிளில் தீக்குச்சி மூட்டை சுமந்து தொடங்கி, நாற்பது பெண்களுக்கு வேலை கொடுத்தவன் நான். என் குரல் தெளிவாக விழ வேண்டும் என்று அன்று தீப்பெட்டி ஆபீஸுக்கே லீவு விட்டுவிட்டேன். வந்த அதிகாரி, காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னங்க, சத்தமே இல்லை? பெட்டி அடுக்குற சத்தம், பெண்கள் பேச்சு, அதெல்லாம்தானே எங்களுக்கு வேணும்?"

"என் பேச்சு போதும் சார். ஒரு மணி நேரம்னாலும் பேசுவேன்."

என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். "அம்மாவும் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே" என்று அவர் மைக்கை அவள் பக்கம் நீட்டினார். முதல் மூன்று வருடம் லேபிள் முழுவதையும் ஒட்டியவள் அவள்தான். சேலையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, நீ உள்ள போ. உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

போய்விட்டாள்.

ஒலிபரப்பான அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். "கெணத்துக்குள்ள நின்னு கத்துத மாதிரில்லா இருக்கு. ஒத்தையிலயா யாவாரம் பண்ணுதீய?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைக் கேசட்டில் பதிந்தும் வைத்தேன்.

ஆறு வருடம் கழித்து அவள் இறந்துபோனாள். மகள் ஓசூரில். வீட்டில் நான் மட்டும். போட்டோ நாலைந்து இருக்கிறது, குரல்தான் இல்லை. கேசட்டைப் போட்டால் முதலிலிருந்து கடைசி வரை நான், நான், நான். அன்று மைக்குக்கு முன்னால், "சார், சீனி போதுமா?" என்று அவள் கேட்டது ஒருநாள் ஞாபகம் வந்தது. வெட்டாத டேப்பில் அது இருக்குமே! பஸ் ஏறி வானொலி நிலையத்துக்கே போனேன்.

"ஒலிபரப்பு முடிஞ்சதும் டேப்பை அழிச்சுட்டு அடுத்த ஆளைப் பதிவோம் ஐயா" என்றார் அங்கே இருந்தவர்.

"என் டேப்பையுமா அழிச்சீய?"

"எல்லாருடையதையும்தான்."

குரல் போனால் போகட்டும், அவளைப் பற்றிய பேச்சாவது அந்த நிகழ்ச்சியில் ஒருமுறை வர வேண்டும் என்று போனில் முயன்றேன். பல நாள் கழித்து லைன் கிடைத்தது.

"வணக்கம் ஐயா! பக்கத்துல யார் யார் இருக்காங்க?" என்றது ஒரு பெண் குரல். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். மற்றவர்கள் பேரன் பேத்தியை வரிசையாகச் சொல்வார்கள்.

"யாருமில்லம்மா" என்றேன்.

இல்லை என்ற சொல்லை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அந்தப் பெண் அடுத்த கேள்வி கேட்பதற்குள் நானே பேசினேன். லேபிள் ஒட்டியது, வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கொட்டகையில் தொட்டில் கட்டியது, கோபத்தில் நான் விரட்டியவர்களைச் சமாதானம் சொல்லித் திரும்பக் கூட்டிவந்தது எல்லாம் அவள்தான் என்றேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் மார்க்கெட்டில், முன்பு என்னிடம் குச்சி அடுக்கிய பெண் ஒருத்தி வழிமறித்தாள்.

"அண்ணாச்சி, நேத்து ரேடியோவுல நீங்கதான? நல்லாப் பேசுனீய."

"நான் பேசுனா நல்லா இல்லாம இருக்குமா?"

"எல்லாம் சொன்னீய. அக்கா பேரைச் சொல்லாம விட்டுட்டீயளே."

உண்மைதான். என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி என்றே முடித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஆறே முக்காலானால் போனை எடுத்து நம்பரை அமுக்குகிறேன். எங்கேஜ்டு சத்தம்தான் வருகிறது.