ஒதில் சுமந்த மண்

ஒதில் சொத்தெல் என்ற விதவைக்கு நான் பதினெட்டாயிரம் ஃப்ராங்கு கடன்பட்டிருந்தேன். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, கெடுவும் இல்லை. இன்றைக்குப் பாரிஸ் ஓட்டல்காரர்கள் எனக்குப் போன் போட்டு, "முசியே வியால், ஆறு பெட்டி ஒயினாவது ஒதுக்குங்க" என்று கெஞ்சுகிறார்கள். முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். அப்படிப்பட்ட ரெமி வியால் பத்து வருடம் ஒரு பெண்பிள்ளைக்குக் கடன்காரனாக இருந்தான் என்றால் எங்கள் கொர்னாஸில் இளவட்டங்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஒதிலைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோணலாக இருக்கலாம். நான் கட்டிய சுவர் எதுவும் இதுவரை கோணியதில்லை.

ஒதில் எங்கள் ஊர்க்காரி அல்ல. மேலே மலையில், கஷ்கொட்டையும் ஆட்டுப்பாலும் தவிர வேறொன்றும் கிடைக்காத ஓர் ஊரிலிருந்து பதினாறு வயதில் வீட்டு வேலைக்கு வந்தவள். ஆள் குட்டை, தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். கல்குவாரியில் வேலை பார்த்த லூசியனைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. தெருக்கோடியில் இரண்டு அறையும் ஒரு கோழி முற்றமுமாக வாடகை வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ஒருநாள் காலை பாறை சரிந்து லூசியன் போய்விட்டான். பத்திரிகையில் மூன்று வரி போட்டார்கள். 'குவாரி விபத்தில் ஒரு தொழிலாளி பலி.' பெயர் போடவில்லை. அந்த மூன்று வரியை ஒதில் கடைசிவரை மறக்கவில்லை. நஷ்ட ஈடாக வந்ததுதான் அந்தப் பதினெட்டாயிரம்.

அப்போது நான் ஆற்றுக்கு அக்கரையில் வலான்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். ஊரில் பாதிப்பேர் அங்கேதான். மலைச்சரிவில் அவர்களுடைய அப்பன் பாட்டன் கட்டிய அடுக்கு நிலமெல்லாம் முள் மண்டிக் கிடந்தது. அதை ஏறி இறங்கவே முழங்கால் கழன்றுவிடும், கழுதைகூட முனகும். ஆனால் எனக்குத் தெரியும். வடகாற்று படாத மூலை அது. காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கருங்கல் பாறை. எங்கள் ஊர்ப் பெயருக்கே சுட்ட நிலம் என்றுதான் அர்த்தம் சொல்வார்கள். சிரா என்ற ஒரே கறுப்புத் திராட்சைதான் அங்கே பேர் சொல்லும். அதன் வேர் பாறை வெடிப்பைத் தேடி இறங்கும்.

அந்தச் சரிவை வாங்கப் பாங்கில் கடன் கேட்டேன். பாறையை அடமானம் வாங்குவதில்லை என்று சிரித்தார்கள். ஒதில் அதைக் கேள்விப்பட்டு, முட்டைக் கூடையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"எவ்வளவு தம்பி வேணும்?"

"விளையாடாதே அக்கா. அது லூசியன் பணம்."

"அவன்தான் பாறைக்கு அடியில போனான். அவன் பணமும் பாறைக்கே போகட்டும். குறைஞ்சபட்சம் இந்தப் பாறையில ஏதாவது முளைக்கும்ல?"

ஊர் சும்மா இருக்குமா? சாவுக்காசைக் கொடுத்துக் கல் வாங்கியவள் என்று பேசினார்கள். ரொட்டிக்கடையில் ஒருத்தி, "கல்லு என்ன விலைக்கு விக்குது ஒதில்?" என்று கேட்டாள். "உன் ரொட்டியைவிடக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு, அதனால விலை கூட" என்றாள் ஒதில்.

முள்ளை வெட்டினேன். விழுந்த சுவரையெல்லாம் சாந்து இல்லாமல், கல்மேல் கல்லாக, ஒரே ஆளாக நிமிர்த்தினேன். இந்த மாவட்டத்தில் அப்படிச் சுவர் வைக்க என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஆனால் மழை என் சுவருக்குப் பயப்படவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மழை கொட்டும்போது மேலிருந்த மண் கீழே பாதைக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் அதை அள்ளி முதுகுக்கூடையில் போட்டு மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த மண் இல்லாவிட்டால் கொடி இல்லை. ஒதிலைக் கூப்பிடவே இல்லை, தானாக வந்தாள். நான் ஒரு நடை போனால் அவளும் ஒரு நடை.

"ஏய் ரெமி, இந்த மண்ணை எனக்கு அடையாளம் தெரியுதுடா. போன வருஷமும் இதைத்தான் தூக்கினேன். இது என்னைப் பாத்து இளிக்குது."

அந்த மலை ஒயினை எல்லாருக்கும் பிடித்துவிடாது. நாங்கள் திராட்சையைக் காம்போடு தொட்டியில் கொட்டி, காலால் மிதித்துச் செய்கிறவர்கள். இளசில் அது கறுப்பாக, மை மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் ஈறெல்லாம் இறுகிப் பிடிக்கும். பழைய பீப்பாயில் ஒன்றரை வருடமாவது கிடந்தால்தான் மிளகு வாசமும் காட்டுப்பழ வாசமும் புகையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். புட்டிக்குப் போகுமுன் தெளியவைக்கப் பீப்பாய்க்கு ஆறு முட்டை வெள்ளைக்கரு அடித்து ஊற்றுவோம். முட்டை ஒதிலுடையது. மஞ்சள் கருவைச் சட்டியில் வாங்கிக்கொண்டு போய்க் கேக் செய்வாள். "கடன்காரனுக்கு முட்டையும் கொடுக்கிற கூத்து என் வீட்டுலதான் நடக்கும்" என்பாள். கடனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

என்னால் கொடுக்க முடிந்தால்தானே? கொடி காய்க்க நாலு வருடம். பிறகு ஒரு வருடம் அழுகல், இன்னொரு வருடம் பழுக்காமலே மழை. வந்த கொஞ்சத்தையும் மலிவாகக் குடங்களில் விற்றேன்.

எழுபத்தெட்டில் வந்தது பாருங்கள். கொத்து சிறியது, தோல் தடித்தது, சாறு கறுத்தது. பதினாறு பீப்பாய். அப்படி ஒரு ஒயின் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் செய்ததில் சிறந்தது என்றால் இந்த ஆற்றங்கரையிலேயே சிறந்தது என்று அர்த்தம்.

அடுத்த வருடம் செப்டம்பரில் ஒதில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் செத்துப்போனார். லியோனிலிருந்து அவர் மகன் ஆள் அனுப்பினான். வீடு விலைக்கு வருகிறது. நாற்பதாயிரம். நவம்பர் பதினொன்று, மார்ட்டின் திருநாளுக்குள் ஒதில் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் காலி செய்யவேண்டும்.

என் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். என் மனைவி வைத்த சூப்பை அவள் தொடவில்லை.

"நான் உனக்குக் குடுத்தப்போ அந்தப் பணத்துக்கு அந்த வீடு வந்திருக்கும் தம்பி. இன்னைக்கு அதே பணத்துக்குக் கோழிக்கூடு வரும்."

குத்திக்காட்டவில்லை. விலைவாசியைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாளே தரகர் மோந்தேயை வரச்சொன்னேன். நல்ல கோட்டுப் போட்ட ஆள். பீப்பாயிலிருந்து குழாயால் எடுத்து ஒரு வாய் சுழற்றித் துப்பினார்.

"முரட்டுப் பய. இப்பக் குடிச்சா நாக்கு உரிஞ்சுடும். ஆனா நிறம் இருக்கு பாரு ரெமி, நிறம்! வடக்கே ஒரு கம்பெனிக்காரன்கிட்ட வெளுத்த ஒயின் குளம் குளமா நிக்குது. மூணுக்கு ஒண்ணு இதைக் கலந்தா ஜம்முனு சிவந்துடும்."

"என்ன தருவீங்க முசியே?"

முப்பதில் ஆரம்பித்தார். நான் யார்? நாற்பதாயிரத்துக்கு இழுத்துவந்தேன். கையில் கை அடித்தோம். எங்கள் பக்கம் கை அடித்தால் கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒதிலுக்குப் பதினெட்டு இல்லை, நாற்பதும் அவளுக்கே என்று முடிவு செய்திருந்தேன். அன்று இரவு என் மனைவி அழுதாள். நான் அழவில்லை.

டாங்கர் வண்டி வந்த காலையில் ஒதிலுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மர ஜோடு சத்தத்தோடு நிலவறைப் படியில் இறங்கி வந்தாள். குழாயை முதல் பீப்பாய்க்குள் விட்டிருந்தார்கள். அதை அவளே உருவிப் போட்டாள்.

"எங்கடா போகுது இது?"

"அக்கா, வீடு—"

"வீட்டைப் பத்தி நான் கேக்கல. எங்க போகுதுன்னு கேட்டேன்."

மோந்தே சிரித்துக்கொண்டே, "நல்ல இடத்துக்குத்தான்மா. கலந்தப்புறம் இது எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது" என்றார். சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

ஒதில் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"பேப்பர்ல 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டான். பேரு போடல. இப்ப இதையும் பேரு இல்லாம அனுப்பப் போறியா? எட்டு வருஷம் இந்த மண்ணை முதுகுல தூக்கினேன், எவனோ வெளுத்த ஒயினுக்குச் சாயம் போடவா?"

"நீ தெருவுல நிப்பே அக்கா."

"நிக்கறேன். தெருவுக்காவது பேரு இருக்கு."

கை அடித்த பேச்சை நான் மீறியது அந்த ஒரே தடவைதான். மோந்தே என்னை ஊரெல்லாம் பொய்யன் என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன். திருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. கடன் கேட்டுத் தெரிந்தவன் தெரியாதவன் வாசலெல்லாம் ஏறி இறங்கினேன், யாரும் தரவில்லை.

மார்ட்டின் திருநாள் அன்று ஒதிலின் கட்டிலையும் அலமாரியையும் என் தள்ளுவண்டியில் ஏற்றினோம். அலமாரி என் நிலவறைக்கு மேலிருந்த அறையின் படிக்கட்டில் திரும்பவில்லை, அதை விற்றுவிட்டாள். கோழிகள் என் முற்றத்துக்கு வந்தன, மூன்று நாள் முட்டையிடவில்லை. அந்த அறையில் ஈரம் ஊறும். குளிர்காலம் முழுக்க அவள் இருமுவது கீழே பீப்பாய்களுக்கு நடுவில் எனக்குக் கேட்டது. பழைய வீட்டை லியோன் பல் டாக்டர் ஒருவர் வாங்கி ஜன்னலுக்கு நீலச் சாயம் அடித்தார். கோழி முற்றத்தில் கார் நின்றது. ஒதில் ரொட்டிக்கடைக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள்.

வசந்தத்தில் அந்தக் கோழிகள் இட்ட முட்டையால்தான் ஒயினைத் தெளியவைத்தேன். புட்டியில் அடைத்தேன். மேலே ஒட்டிய சீட்டில் ஊர்ப் பெயரும் என் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'லூசியன் சொத்தெல் அடுக்கு நிலம்' என்று போட்டேன். ஒதிலுக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும். என் மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா போட்டா காசு கூடவா கேப்பான்?" என்றாள்.

எண்பத்தொன்றில் லியோனிலிருந்து ஓர் ஓட்டல் முதலாளி வந்தார். ஒரு கோப்பை குடித்தார், இன்னொன்று கேட்டார். பாதிச் சரக்குக்கு அங்கேயே முன்பணம் வைத்தார். ஐந்நூறு ஃப்ராங்கு நோட்டுகள்.

நேரே மேலே ஏறினேன். ஒதில் கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டச் சொன்னேன். மண்கூடைக் கயிறு இழுத்த தழும்பு அந்த உள்ளங்கையில் இருந்தது. சத்தமாக எண்ணி ஒவ்வொன்றாக வைத்தேன். முப்பத்தாறாவது நோட்டில் அவள் கையை மடக்கப் பார்த்தாள்.

"முடிஞ்சுதுடா தம்பி. பதினெட்டு."

"கையை விரி அக்கா. நாற்பது."

"அந்த வீடுதான் போயிடுச்சே. இவ்வளவையும் நான் எங்க வைப்பேன்? ஒரு அலமாரிகூட இல்ல."

எண்ணிக்கொண்டே போனேன். எண்பதாவது நோட்டை வைத்தபோது, கட்டு தடித்துவிட்டதால் அவள் விரல்கள் அதைச் சுற்றி மூடவில்லை.