வெள்ளை சாக்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி

என் மருமகன் பேச மாட்டார். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முடி வெட்டுவது அவர் தொழில். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள் என்பது எல்லோருடைய நினைப்பு. இவரோ கத்தரியை எடுக்கும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு தலையாட்டல், முடிந்ததும் இன்னொரு தலையாட்டல், அவ்வளவுதான். வீட்டில் பேச்சுக் கேட்டு அலுத்துப்போன ஆண்கள் அவர் நாற்காலியில் வந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எல்லோரும் சொல்வது மௌன சலூன்.

என் மகளைக் கட்டி வந்து பதினெட்டு வருஷம். 'சரி', 'இல்ல', 'அப்புறம்' என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே குடும்பத்தை ஓட்டிவிட்டார்.

"செவுத்தக் கட்டியிருந்தாக்கூட எதிரொலியாவது கேட்டிருக்கும்" என்பாள் மகள்.

ஆனால் நாயிடம் பேசுவார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் கடைக்குள் புகுந்து, வாடிக்கையாளர் நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்த நாய் அது. உடம்பெல்லாம் வெள்ளை முடி, அதனால் பஞ்சு என்று பெயர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. கடையைச் சாத்தியதும் பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய கதை முழுவதையும் பஞ்சுவிடம் சொல்லுவார். யார் தலையில் இரட்டைச் சுழி, யார் மீசைக்கு மை போட்டுவிட்டு இல்லை என்று சாதிக்கிறார், எல்லாம். அந்த நேரத்தில் என் மகள் சத்தமே வராமல் பாத்திரம் கழுவுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தெள்ளுப்பூச்சி வந்தது.

முதலில் மகளின் கணுக்காலில் வரிசையாகத் தடிப்பு. பிறகு என் காலில். காப்பித்தூள் நிறத்தில், தட்டையாக, விரலால் நசுக்கினாலும் சாகாமல் துள்ளி ஓடும் பூச்சி. ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மாஸ்டர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கத்தி, காலில் பூச்சி. மனிதர் எழுந்திருக்கவும் முடியாமல், சொறியவும் முடியாமல், உட்கார்ந்த இடத்திலேயே லெஃப்ட் ரைட் போட்டார். கன்னத்தில் ஒரு கீறல்.

"உங்க கடையில பேச்சுதான் இல்லன்னு நெனச்சேன். பாதுகாப்பும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சவரத்தோடு போய்விட்டார்.

அன்று மகள் தீர்த்துச் சொன்னாள்.

"ஏங்க, வர்ற ஞாயித்துக்கிழம நான் வீடு பூரா நடந்து பாப்பேன். ஒரு பூச்சி, ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாலும் பஞ்சு உங்க அண்ணன் குடோனுக்குப் போயிடும்."

அந்தக் குடோன் ஊருக்கு வெளியே. உள்ளே டயர், வெளியே சங்கிலி. மருமகன் 'சரி' என்றார். அன்று சாயங்காலம் பஞ்சுவிடமும் அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "முடி இருந்தாத்தானே, அத்தை" என்றார். என்னிடம் அவ்வளவு பேசியதே அதிகம் என்பதால் நானும் தலையாட்டிவிட்டேன். முடி வெட்டுகிறவருக்கு வேறென்ன தோன்றும்? சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் பலகையை நாற்காலியின் மேல் போட்டு, பஞ்சுவை அதில் உட்கார வைத்து, கழுத்தில் துணி கட்டி, தண்ணீர் அடித்து, மெஷின் போட்டார். முடிவில் பின்பக்கம் கண்ணாடி காட்டி, சரியா என்றும் கேட்டார். பஞ்சு பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஈர எலி மாதிரி இருந்தது, பாவம்.

அதோடு விட்டாரா? வாசல் மிதியடியின் முடியை வெட்டினார். கம்பளிப் போர்வைக்கு மெஷின் போட்டார். ஷெல்ஃபில் இருந்த கரடி பொம்மைக்கு மொட்டை. கடைசியில் தன் தலைக்கும் மீசைக்கும். பிறகு என் தலையைப் பார்த்தார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

பூச்சி மட்டும் அப்படியே இருந்தது. மொட்டையான பஞ்சு குளிரில் நடுங்கியது. குடோனுக்கு அனுப்புவேன் என்ற அதே மகள்தான் தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்கு மாட்டிவிட்டாள். மறுநாள் பார்த்தால் ஸ்வெட்டர் முழுக்கத் தெள்ளு. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு மாடி வீட்டுச் சாவியைக் கொடுத்தது போல ஆயிற்று.

இனி நான் சும்மா இருக்கக்கூடாது என்று நாலு அந்துருண்டையைத் துணியில் முடிந்து பஞ்சு கழுத்தில் கட்டினேன். அது தும்மிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே, வியாழக்கிழமை, நானும் மருமகனும் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு மாட்டு டாக்டரம்மாவிடம் போனோம். நாயையும் அவர்தான் பார்ப்பார்.

"இத யாரு கட்டுனது? இது நாய்க்கு விஷம், தெரியுமா?"

நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

"மொட்ட போட்டது யாரு?"

மருமகனும் அதே ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டரம்மா முடிச்சை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு விளக்கமாகச் சொன்னார். என் காதுக்குள் போனது மறக்காது, அப்படியே சொல்லுகிறேன். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டை உப்புக்கல் மாதிரி உதிர்ந்து, நாய் படுக்கிற இடத்தில், தரை இடுக்கில் விழும். அங்கே புழுவாகி, கூடு கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்ந்தால் வெளியே துள்ளும். பிடரியில் மருந்துச் சொட்டு விட வேண்டும். படுக்கையைக் கொதிநீரில் அலச வேண்டும். தூசி உறிஞ்சும் மெஷினைத் தினமும் போட வேண்டும். எத்தனை பாக்கி என்று தெரிய வேண்டுமானால் வெள்ளை சாக்ஸ் போட்டு நடக்க வேண்டும், ஏறினால் பளிச்சென்று தெரியும்.

"இது எங்க படுக்குது?"

"கடையில. பெஞ்சுக்கு அடியில" என்றார் மருமகன்.

நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது நடந்தே வந்தோம். துண்டில் சுற்றிய மொட்டை நாயை மார்போடு அணைத்துக்கொண்டு மொட்டைத் தலையர் முன்னால் போனார். பார்க்கிறவர்கள் பிள்ளை என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டு விலகினார்கள். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"மாப்பிள்ளை, அது மத்தியானம் என் கட்டிலுக்கு அடியில படுக்கும். என் ஒட்டுத்துணி மெத்தையில. மூணு வருஷமா."

"தெரியும், அத்தை."

"தெரியுமா? டாக்டரம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க இல்லன்னு சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். அறையில் நாய் முடி கிடக்கிறதே என்று மகள் கேட்கும்போதெல்லாம் என் சால்வை உதிர்கிறது என்று சாதித்திருக்கிறேன். மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுவாளோ என்ற பயம். அவள் சின்ன வயசுச் சட்டைகளையெல்லாம் சேர்த்து நான் தைத்த மெத்தை அது.

வீட்டுக்கு வந்து கட்டிலை இழுத்தோம். மெத்தையைத் தூக்கியதும் சூடான சட்டியில் எள்ளைப் போட்டது போலத் துள்ளின.

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சால்வை முடி, இல்லம்மா?" என்றாள்.

"சால்வையும்தான்" என்றேன்.

கொளுத்த வேண்டும் என்றாள். என்னையும் சேர்த்துக் கொளுத்து என்றேன். கடைசியில் பெரிய அண்டாவில் மூன்று தடவை கொதிக்க வைத்தோம். முதல் தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இறங்கியது. ஸ்வெட்டரும் கரடியும் கூடவே வெந்தன. மருமகன் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு நாள் குப்புறப் படுத்து, தரை இடுக்கு ஒவ்வொன்றிலும் மெஷினை வைத்து உறிஞ்சினார். பஞ்சு பிடரியில் மருந்துச் சொட்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் வெள்ளை சாக்ஸ் கிடையாது. மகள் டிரில் மாஸ்டரிடம்தான் போய்க் கேட்டாள். முழங்கால் வரை வரும் சாக்ஸைக் கொடுத்துவிட்டு, "சும்மா நடக்கக்கூடாதும்மா, கால ஓங்கி வைக்கணும்" என்று சொல்லியும் அனுப்பினாராம்.

ஓங்கி வைத்தாள். கூடத்தில் ஒன்றுமில்லை. கடையில் ஒன்றுமில்லை. பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு மருமகன் பின்னாலேயே வந்தார். என் அறையில் கட்டிலோரம் வந்து நின்றவள் குனிந்தாள். இடது சாக்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி.

"நூலு" என்றேன்.

புள்ளி இடது சாக்ஸிலிருந்து வலது சாக்ஸுக்குத் தாவியது.

மகள் நிமிர்ந்தாள். மருமகன் வாயைத் திறந்தார். 'சரி' என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அது பழசு இல்ல. கூட்டுக்குள்ள இருந்திருக்கும். நீ ஓங்கி மிதிச்சதுல முழிச்சிக்கிட்டு வந்திருக்கு. அப்படித்தான் வரும், இன்னும் ரெண்டு மூணு வாரம் வரும், டாக்டரம்மா சொன்னாங்க. வர்றது முட்ட போடறதுக்குள்ள மருந்து கொன்னுடும். மாஸ்டர் காலு ஆடுச்சே, அன்னைக்குத்தான் எனக்கு பயம் வந்துச்சு, கத்தி ஒரு நூல் எறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அவருக்குக் கழுத்துல ஒரு மச்சம் இருக்கு, அதச் சுத்தி எடுக்கறதுக்குள்ள... அண்ணன் குடோன்ல டயரு மட்டும்தான் இருக்கு. அங்க யார்கிட்டப் பேசறது?"

"நாய் பேசுமா?"

"நாய் இல்ல. நான். இது போயிட்டா நான் யார்கிட்டப் பேசறது?"

என் மகள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். புள்ளி இன்னும் அவள் வலது சாக்ஸில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இன்னும்?"

"அதான் சொன்னேனே, இன்னும் ரெண்டு மூணு வாரம் வரும்."

"பூச்சியக் கேக்கல. அந்த மச்சத்தப் பத்தி என்னமோ சொன்னீங்க, பாதியில விட்டுட்டீங்க."

பஞ்சு போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. தினமும் கடை சாத்தியதும் மருமகன் சாக்ஸ் போட்டு நடந்து, எத்தனை ஏறியது என்று மகளிடம் வந்து சொல்ல வேண்டும். முதல் வாரம் ஐந்து, நாலு என்று வந்தது. பிறகு ஒன்று, ஒன்றுமில்லை, மறுபடி ஒன்று. நாலாவது வாரத்திலிருந்து ஒன்றுமே இல்லை. மாஸ்டரும் சவரத்துக்குத் திரும்பி வந்தார், சாக்ஸைக் கேட்டார். துவைத்துத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

பஞ்சுவுக்கு முடி வளர்ந்து இப்போது பழையபடி இருக்கிறது. மருமகன் இன்னமும் தினமும் வருகிறார். "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்து, யார் வந்தார், யார் தலையில் என்ன என்று அரைமணி நேரம் சொல்கிறார். மகள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நடுநடுவே கேள்வி கேட்கிறாள். நேற்று இரண்டு பேரும் சண்டை போட்டதையும் கேட்டேன். மருமகன்தான் கூடுதலாகப் பேசினார்.

மெத்தை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அண்டாவில் போட்டு எடுக்கிறேன். அறையில் வெள்ளை முடி கிடக்கிறதே என்று மகள் கேட்டால், சால்வை உதிர்கிறது என்றுதான் சொல்கிறேன்.