திருக்கை முள் என்று நினைத்திருந்தோம்

இளவயதில் ஒருநாள், மன்னாருக்குப் பக்கத்தில் எங்கள் வங்காலைக் கரையில் முழங்காலளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டு போனபோது, மணலுக்குள் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டேன். அதன் வால் முள் கணுக்காலுக்குச் சற்று மேலே குத்தியது. அந்த வலியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பட்டவனுக்குத் தெரியும், படாதவனுக்கு எழுதியும் விளங்காது. முள்ளைப் பிடுங்கி எறிந்தார்கள். நுனி உள்ளே முறிந்து தங்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

எங்கள் கரையில் அதற்கு ஒரு முறை இருந்தது. உள்ளே தங்கிய முள்ளைத் தோண்டக் கூடாது. உடம்பே அதை ஒருநாள் வெளியே தள்ளும். வந்ததும் அதை முழுதாக எடுத்துக் கொண்டுபோய் அந்தோனியார் கோயிலில் அவர் காலடியில் வைக்க வேண்டும். நானும் அப்படித்தான் நேர்ந்து வைத்தேன்.

காயம் ஆறியது என்றும் சொல்ல முடியாது, ஆறவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் மயிர் முளைக்காத, மினுங்குகிற ஒரு வடு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெடித்து நீர் கசியும். பிறகு பொருக்குக் கட்டும். கலியாணம் கட்டினேன், பிள்ளைகள் பிறந்தார்கள், சண்டைக்குப் பயந்து ஓடி மடுக் காட்டில் கிடந்தோம், திரும்பி வந்தோம். எங்கே போனாலும் அந்த வடுவும் கூடவே வந்தது. அதை ஒரு நோய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஊர் திரும்பிச் சில வருடங்களின் பின், வடுவின் நடுவில் மஞ்சளாக, கல்லுப் போல ஏதோ தலை நீட்டியது. தொட்டால் மாட்டுக் கொம்பின் நுனி போல இருந்தது. நோகவே இல்லை. எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை காலம் கழித்து முள் வெளிக்கிட்டுவிட்டது! ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் வந்து பார்த்தார்கள். தெருவில் கண்டால் சுகம் விசாரிக்க மாட்டார்கள். "என்ன, முள்ளு இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

பின்னேரங்களில் வள்ளத்தின் நிழலில் காலை நீட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் எங்கள் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இருக்காது. தூரத்தில் நிற்கிற வள்ளங்கள் ஆகாயத்தில் நிற்பதாகத் தெரியும். முள் நீளமாக வெளியே வந்து என் கையில் கிடப்பதாகவும், கோயில் மணி அடிப்பதாகவும் நினைத்துக்கொண்டு அரை நித்திரையில் இருப்பேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்த காலம் வேறில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

கொம்பைச் சுற்றித் தடித்த விளிம்பு எழும்பியது. உடுப்புப் பட்டாலே இரத்தம் வந்தது. கெட்ட மணமும் தொடங்கியது. என் மனைவிதான் ஒருநாள் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, முள்ளெண்டா வர வர மெல்லிசாகவெல்லோ வேணும். இது அடி பருத்துக்கொண்டெல்லோ போகுது. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ."

"அவங்கள் வெட்டிப்போடுவாங்கள். முழுசா வரவேணுமெண்டு நேர்ந்தனான்."

"அந்தோனியார் உங்களிட்ட முள்ளுக் கேட்டவரே? வெளிக்கிடுங்கோ எண்டுறன்!"

மன்னார் ஆஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் ஒரு இளம் பெண், நிதானமாகப் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

"முள்ளு ஒண்டும் இல்லை ஐயா," என்றார். "எலும்பும் நல்லாத்தான் தெரியுது. ஆனால் இந்தப் புண்ணில ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்கவேணும்."

முள் இல்லை என்று கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. கொஞ்சம் அந்தோனியார் மேலும்தான்.

முடிவு வர நாளெடுத்தது. வந்ததும் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி விளங்கப்படுத்தினார். தோலின் மேற்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள், அவர் சொன்னபடி கலங்கள், செதிள் போலத் தட்டையாக அடுக்கடுக்காக இருக்குமாம். வெள்ளைக்காரருக்கு வெயில் பட்டுப் பட்டு அவை கெடுமாம். எங்களைப் போன்ற கறுத்த தோலுக்கு, வருடக்கணக்காக ஆறாமல் கிடக்கிற பழைய வடுவிலும் புண்ணிலும்தான் அந்தக் கேடு கூடுதலாக வருமாம். கெட்ட கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகித் தடித்துக் கொம்பாக நின்றதைத்தான் நாங்கள் முள் என்று கொண்டாடியிருக்கிறோம்.

"புற்றுநோயோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம் அம்மா. ஆனால் வெட்டி எடுத்துச் சுகப்படுத்தக் கூடிய வகை. சுத்திவர நல்ல தோலும் சேர்த்து அகலமா எடுக்கவேணும். தொடையில இருந்து தோல் எடுத்து மேல ஒட்டுவம். திறந்து பார்க்கேக்க எலும்பில இறங்கியிருந்தா மட்டும் கதை வேற."

"வேறயெண்டா?" என்றேன்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம் ஐயா."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. தண்ணீரில் நின்று பிழைக்கிறவனிடம் காலைக் கேட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பஸ்ஸில் திரும்பி வரும்போது கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியின் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. மனைவி என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டே வந்தாள். அவள் அழவில்லை. அதனால் நானும் அழவில்லை.

சத்திரசிகிச்சை யாழ்ப்பாணத்தில் நடந்தது. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மெல்ல மெல்ல இல்லாமல் போனது. நெஞ்சுக்கு முன்னே பச்சைத் துணியைத் தூக்கிக் கட்டினார்கள். முழித்திருந்தேனா, நித்திரையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில் மல்லாந்து கிடந்தேன். கால்கள் இல்லை, அது எனக்கு ஒரு குறையாகவும் படவில்லை. திருக்கைகள் செட்டையை அசைத்து அசைத்து என் பக்கத்தால் போயின. ஒன்றும் என்னைத் தீண்டவில்லை. கத்தரிக்கோல் தட்டில் விழுந்த சத்தத்தில் திடுக்கிட்டேன்.

"டொக்டர், கால் கிடக்கோ?"

துணிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "கிடக்கு ஐயா. எலும்பில படேல்லை. பேசாமப் படுங்கோ." அந்தச் சத்திரசிகிச்சை நிபுணரின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. குரலை மறக்க மாட்டேன்.

வெட்டிய துண்டைச் சோதித்து, ஓரங்கள் சுத்தம் என்றார்கள். ஒட்டிய தோல் பிடித்தது. காலில் இப்போது ஒரு பள்ளம் இருக்கிறது. நன்றாக ஆறிய பிறகு கடலில் இறங்கினேன். அலை காலில் மோதியதைக் கண்ணால் கண்டேன். அந்த இடத்துக்கு மட்டும் குளிர் தெரியவில்லை. அதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டேன். கால் இருக்கிறதே, வாயை மூடு என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

முடிந்தது என்று நான் நினைத்தேன். மன்னார் டொக்டர் அப்படி நினைக்கவில்லை. இந்த நோய் காலில் இருந்து நெறிக்கு ஏறி, கவட்டில் கட்டியாகத் திரளக் கூடியது. கிளினிக்குக்குத் தவறாமல் வர வேண்டும், இடையில் வீட்டிலும் பார்க்க வேண்டும் என்று, கவட்டில் விரலால் தடவிப் பார்க்கும் விதத்தை மனைவிக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறை, சமையலுக்கு முன்னால், அவள் அறைக் கதவைச் சாத்துவாள்.

"இந்த வயசிலயோ?" என்று பகிடி விடுவேன்.

"வாயை மூடிக்கொண்டு படுங்கோ."

ஒருநாள் அவளுடைய விரல்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். வெளியே காற்றில் பனையோலை உரசிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடுகள் அசைந்தன. செபம் சொல்கிறாள் என்று விளங்கியது.

"என்ன?" என்றேன்.

"பொறுங்கோ." மற்றப் பக்கத்தையும் தடவிப் பார்த்தாள். திரும்ப இந்தப் பக்கம். கடைசியில், "ரெண்டும் ஒரே மாதிரித்தான். ஒண்டுமில்லை," என்றாள்.

சொல்லிவிட்டு என் முழங்காலில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதாள். ஆஸ்பத்திரியில் ஒருநாளும் அழாதவள்.

"ஒண்டுமில்லையெண்டு நீதானே சொன்னனீ, பிறகேன் அழுறாய்?"

"அடுத்த மாசமும் பார்க்கவேணுமே," என்றாள்.